ரயில் நிற்கும், விமானம் நிற்காது

சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயில் வந்து நின்றதும் பிள்ளைகள் முதல் பெட்டிக்கு ஓடுவதைப் பார்க்கலாம். ஓட்டுநர் அறை கிடையாது. முன்கண்ணாடி வழியே சுரங்கம் தெரியும். 2003 முதல் இப்படித்தான் ஓடுகிறது. இதைக் காட்டியே இப்போது பலர் வாதாடுகிறார்கள்: ரயிலுக்கே ஆள் வேண்டாம் என்றால் விமானத்துக்கு மட்டும் இரண்டு பேர் எதற்கு? நெடுந்தூரப் பயணத்தில், நடுவானில் ஒரே விமானி போதும் என்ற யோசனையும் சில ஆண்டுகளாகவே உலவுகிறது.

தானியக்கத்தால் விபத்துகள் குறைந்தன. மூடுபனியிலும் தரையிறங்க முடிகிறது. மறுக்கவில்லை. ஆனால் ரயிலைச் சான்றுக்கு இழுப்பது அடிப்படையிலேயே தவறு. 2016இல் டோபி காட்டிலிருந்து புறப்படும் வட்டப் பாதையில் ரயில்கள் காரணமே தெரியாமல் அடிக்கடி நின்றன. பிவி46 என்ற ஒரு ரயில் மற்ற ரயில்களின் சமிக்ஞையைக் குலைத்தது பிறகுதான் தெரியவந்தது. சமிக்ஞை போனால் அவசர பிரேக் விழும், ரயில் நிற்கும், வேலைக்குத் தாமதமாகும். அவ்வளவுதான். 35,000 அடி உயரத்தில் எந்த பிரேக்கைப் போடுவது? அங்கே கணினி கைவிட்டால் மிஞ்சுவது விமானியின் மூளை.

அந்த மூளையைத்தான் மழுங்க விட்டுக்கொண்டிருக்கிறோம். 'பழகிய கை மறக்காது' என்பார்கள். பாதி உண்மை. ஆய்வாளர் ஸ்டீபன் கேஸ்னரும் குழுவினரும் 747-400 சிமுலேட்டரில் 16 விமானிகளைச் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். கைப்பழக்கம் சற்றே துருவேறியிருந்தாலும் பெரும்பாலும் தங்கியிருந்தது. தடுமாறியது சிந்தனை: வரைபடத் திரை இல்லாமல் எங்கே இருக்கிறோம் என்று மனத்தில் கணிப்பது, அடுத்த வேலை எது என்று முடிவெடுப்பது, பழுதான கருவியை இனங்காண்பது. கையால் ஓட்டும் பழக்கத்தை ஊக்குவிக்கும்படி 2013இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொன்னது நல்ல அறிவுரைதான். ஆனால் திரை எல்லாவற்றையும் வரைந்து காட்டிக்கொண்டே இருந்தால், கை உழைத்தாலும் மனம் சும்மாதான் இருக்கும்.

2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகம் அளக்கும் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. இறக்கை தாங்குவிசையை இழக்கிறது என்ற ஸ்டால் எச்சரிக்கை திரும்பத் திரும்ப ஒலித்தும் விமானிகள் விமானத்தின் மூக்கை மேலே இழுத்தபடியே இருந்தார்கள். நான்கரை நிமிடத்துக்குள் 228 உயிர்கள் போயின. என்ன நடக்கிறது என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை.

அடுத்த ஆண்டு நவம்பர் 4, சாங்கியிலிருந்து கிளம்பிய குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் ஓர் எஞ்சின் பாத்தாம் தீவின் மேல் வெடித்தது. திரையில் எச்சரிக்கைகள் மளமளவெனக் குவிந்தன. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி, எது கெட்டது என்று எண்ணுவதை விட்டு, இன்னும் எது வேலை செய்கிறது என்று கணக்குப் போடத் தொடங்கினார். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் 469 பேரும் சாங்கிக்கே பத்திரமாகத் திரும்பினார்கள். அன்று விமானி அறையில் ஐந்து விமானிகள் இருந்தார்கள். அவர்களில் எந்த நால்வர் தேவையில்லை என்று ஒற்றை விமானிக்கு வாதாடுபவர்கள் சொல்லட்டும்.