மடல்மா: சொல்லுவதும் ஏறுவதும்

மடலேறுதல் என்றதும் தமிழ் படித்தவர்கள் முகத்தில் ஒரு புன்னகை வரும். பனங்கருக்கால் செய்த குதிரை, எருக்கம்பூ மாலை, அவள் உருவம் தீட்டிய கிழி, நடுத்தெருவில் ஒருவன். எம்.ஏ. தேர்வில் இதைக் 'காதல் மிகுதி' என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. அந்த விடையைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

மடலேறுவேன் என்று தலைவன் கூறுவதற்குக் களவியல் இடம் தருகிறது. ஏறியே விட்டால் அகத்திணையியல் அதைப் பெருந்திணையில் சேர்த்துவிடுகிறது. பெண் மடலேறுவது எத்திணையிலும் மரபில்லை என்றும் சொல்கிறது. ஆக, சொல்லுவது அன்பின் ஐந்திணைக்குள்; செய்வது அதற்கு வெளியே. மிரட்டல் கோட்டுக்கு இந்தப் பக்கம், காதலோடு உட்கார்ந்திருக்கிறது. மிரட்டும் உரிமையும் ஒரு பாலுக்கு மட்டுமே.

அவன் இதைப் பெரும்பாலும் தோழியிடம்தான் சொல்கிறான். அவள் இசையாவிட்டால் தன் மானம் போகும், உயிரும் போகலாம். ஆனால் தெருவுக்கு வரப்போவது அவள் உருவமும்தான். அவள் மறுப்பு அவன் சாவுக்குக் காரணமாக மாற்றப்படுகிறது. நெய்தற்கலியின் மடற்பாட்டு ஒன்று இன்னும் வெளிப்படையானது: பகைவர் பாண்டியனுக்குத் திறை கொடுத்ததுபோல் அவளுடைய சுற்றத்தார் அவளைக் கொடுத்தார்களாம். திறை தோற்றவர் கொடுப்பது. காதல் பிரதி தன்னை அறியாமலே போரின் மொழியைப் பேசிவிடுகிறது.

'இது வெறும் புலனெறி வழக்கு, யார் மடலேறினார்கள்?' என்று கேட்கலாம். யாருமே ஏறாமல் இருந்திருக்கலாம். வழக்கு என்பதால்தான் எனக்குக் கவலை. எதை அன்பாக வாசிப்பது என்று பழக்கிக் கொடுப்பது வழக்குதானே?

இன்று பிளேடால் கையைக் கீறிக்கொள்கிறான். 'நீ இல்லன்னா செத்துருவேன், லெட்டர்ல உன் பேர எழுதி வெச்சிட்டு' என்கிறான். போட்டோவை எல்லாருக்கும் அனுப்பிவிடுவேன் என்கிறான். யாரோடு பேசலாம், என்ன உடுத்தலாம் என்பதும் அவன் கணக்கில் வந்துவிடுகிறது. அவள் தயங்கித் தயங்கிச் சொன்னால் நாம் கேட்கும் முதல் கேள்வி: 'அடிச்சானா?' இல்லை என்றால், 'சும்மா சொல்றான், அவ்ளோ பிரியம்.' தொல்காப்பியர் கோடு அப்படியே இருக்கிறது.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறையாகக் கொள்ளவில்லை. சொல்லால், உணர்வால், பணத்தால் நேர்வதையும் சேர்த்தது. இவான் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூலும் தனித்தனி அடிகளை எண்ணாமல், ஒருத்தியின் அன்றாடத்தை வளைத்துப் பிடிக்கும் கட்டுப்பாட்டின் தொடரைப் பார்க்கச் சொன்னது. சட்டத்தின் கோடு நகர்ந்திருக்கிறது. நம் ரசனையின் கோடு நகரவில்லை.

சாகப்போகிறேன் என்பவனை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. அவனுக்கு மருத்துவர் வேண்டும், கூட இருக்க ஆள் வேண்டும். அவள் சம்மதம் அதற்கு மருந்தாகாது.

கலித்தொகையைக் கொளுத்தச் சொல்வதாகவும் யாரும் கிளம்ப வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். தோழியின் இடத்தில் நின்று அந்தப் பாடல்களை வாசித்துப் பாருங்கள். 'மடலேறுவேன்' என்ற சொல் காதில் விழும்போதே, ஏறுவதற்கு வெகு முன்பே, அவளை எச்சரிக்க நேரம் இருக்கிறது.