0.05 என்னும் தீர்ப்பு

'பி மதிப்பு 0.05-க்குக் கீழ வந்துடுச்சு, போதும்ல?' முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவற்றில் சிந்தனை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர் 1925-ல் இந்த எல்லையை ஒரு வசதிக்காகத்தான் சொன்னார். எல்லாச் சூழலுக்கும் ஒரே எல்லையை வைத்துக்கொள்ளும் ஆய்வாளர் யாருமில்லை என்று 1956-ல் அவரே எழுதினார். நாம் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

விளைவு எவ்வளவு பெரியது என்பதை பி மதிப்பு சொல்லாது. 2016-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே இதை அறிக்கையாக வெளியிட்டது. பல்லாயிரம் பேரிடம் தரவு திரட்டினால் அற்ப வித்தியாசம்கூட 'சிக்னிஃபிகன்ட்' ஆகிவிடும்.

'கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது' என்ற செயப்பாட்டு வினைக்குள் ஆய்வாளர் ஒளிந்துகொள்கிறார். நிராகரித்தது யார், எஸ்பிஎஸ்எஸ்ஸா, நீங்களா? வித்தியாசம் எவ்வளவு, யாரிடம், எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதைச் சொந்த வாக்கியத்தில் எழுதினால்தான் அது ஆய்வு. இல்லாட்டி, பைண்டிங் போட்ட அட்டவணை, அவ்வளவுதான்.