ஏழை ரிச்சர்டும் தேயிலைத் தொழிலாளியும்

தொழிலாளிக்குப் புத்தி புகட்ட முன்வருவோர் யாவரும் முதலில் எடுத்தோதுவது சிக்கனம். அதற்கு அவர்கள் சாட்சியாக அழைப்போருள் முதன்மையானவர் அமெரிக்க ராஜதந்திரி பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790). பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் கொழுந்து பறித்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு இவ்வறிஞரின் பொன்மொழிகள் எம்மட்டில் பயன்படும் என்பதை ஆராய்வோம்.

பிராங்க்ளின் மெழுகுவர்த்தி செய்து விற்றவரின் மகன். பன்னிரண்டு வயதில் தமையனின் அச்சுக்கூடத்தில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துத் தொழில் பயின்று, அடி பொறுக்காது 1723-இல் ஓடிப்போனவர். பின்னர் பிலடெல்பியாவில் சொந்த அச்சுக்கூடம் நிறுவி, 1733 முதல் 1758 வரை ‘ஏழை ரிச்சர்டு’ என்ற புனைபெயரில் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிட்டார். நாள் குறிப்புகளுக்கிடையே கிடந்த வெற்றிடங்களை உழைப்பையும் சிக்கனத்தையும் போற்றும் பழமொழிகளால் நிரப்பினார். போட்டிப் பஞ்சாங்கக்காரர் இன்ன நாளில் இறப்பார் என முதலாண்டிலேயே பொய்ச் சோதிடம் கூறி, சோதிடத்தையே நகையாடினார்!

1758-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தின் முகவுரை உலகப் புகழ் பெற்றது. ஏலத்திற்குக் கூடிய மக்கள் வரிச்சுமையைப் பற்றி முறையிடுகின்றனர். கிழவர் ஒருவர் எழுந்து, உங்கள் சோம்பலும் ஆடம்பரமும் விதிக்கும் வரியே அதனினும் பெரிது என்று பிரசங்கிக்கிறார். கேட்டோர் ஆமோதிக்கின்றனர்; ஏலம் தொடங்கியதும் வீண்பொருள்களை வாங்கிக் குவிக்கின்றனர். வெறும் உபதேசம் ஊரைத் திருத்தாது என்பதை ஆசிரியரே அறிந்திருந்தார். இந்நகைச்சுவையை நீக்கிவிட்டுப் பிரசங்கத்தை மட்டும் பெயர்த்தெடுப்போர், முறையிடுவோனையே குற்றவாளியாக்கும் பகுதியைத்தான் காப்பாற்றுகின்றனர்.

நிற்க. நேரத்தையும் பணமாகவே எண்ணுமாறு 1748-இல் இளம் வணிகன் ஒருவனுக்கு அவர் அறிவுரை எழுதினார். சொந்தக் கடை உடையவனுக்கு அது மெய். 1929-இல் தொடங்கிய போ தோட்டம் முதலாக, கேமரன் மலைச் சரிவுகளில் உழைத்த நம்மவரின் நேரம் எவருடையது? கொழுந்தின் நிறையே கூலிக்கு அளவுகோலாகவும், குடியிருக்கும் வீடே தோட்டத்துடையதாகவும் உள்ள இடத்தில், விடியுமுன் எழுந்தவனும் செல்வனாவதில்லை. மிஞ்சாதவனுக்குச் சேமிப்பைப் போதிப்பது, பட்டினி கிடப்பவனுக்கு விரதம் விதிப்பதை ஒக்கும்.

ஆயின் பிராங்க்ளினின் வாழ்க்கை அவர் பொன்மொழிகளினும் பெரிது. 1727-இல் தொழில் செய்யும் இளைஞர்களைத் திரட்டி ஒரு விவாதக் கழகம் கண்டார். 1731-இல் ஐம்பது பேரிடம் தலைக்கு நாற்பது ஷில்லிங் திரட்டி நூலகம் அமைத்தார். 1736-இல் தீயணைப்புச் சங்கம் அமைத்தார். தனியொருவன் சட்டைப்பையில் சில்லறையாய்க் கிடந்த பணம், கூடியபோது ஊரின் சொத்தாயிற்று.

மலாயாத் தமிழர் இப்பாடத்தை மெய்ப்பித்துக் காட்டியுள்ளனர். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்த காலத்தில், வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறு தவணைகளாய்ச் செலுத்திய பங்குப்பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. சிக்கனம் அங்கே தனிமனித ஒழுக்கமாக நில்லாது, பலரின் வலிமையாயிற்று.

பிராங்க்ளினிடம் மாசு இல்லாமலில்லை. அவர் வீட்டில் அடிமைகள் இருந்தனர். அவர் பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களை ஏற்றது. எனினும் 1790-இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராய் அமெரிக்கக் காங்கிரசுக்கு விண்ணப்பம் விடுத்தார். முதுமையிலும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளத் துணிந்தது, அவர் தொகுத்த பழமொழிகள் அனைத்தினும் உயர்ந்த மொழியாகும்.

ஆதலால் தோழர்களே, பஞ்சாங்கத்தோடு நில்லாது அவருடைய தன்வரலாற்றையும் படியுங்கள். சேமிக்கச் சொல்லி வருவோரிடம், சேமித்ததை யாரோடு கூட்டுவது என்றும் கேளுங்கள். விடை கூறாதவர் பிராங்க்ளினைப் பாதியே படித்தவராவார்.