ஈமேக்ஸில் கிளிப்போர்டு கையாளுகை: ஒரு விமர்சனம்

நகலெடுத்த உரையை வேறிடத்தில் ஒட்டுவதற்கு உதவுவது கிளிப்போர்டு. உரைத்திருத்தியில் இயங்கும் நிரல் ஒன்று, பயனர் எதையும் தெரிவு செய்யாதபோதும் அதில் உரையை இட முடியும். திறந்துள்ள கோப்பின் முழுப் பாதையை நகலெடுத்துத் தரும் சிறு கட்டளை இதற்கு எளிய எடுத்துக்காட்டாகும். அவ்வாறு இடும்போது, அங்கு ஏற்கெனவே இருந்த பயனரின் உரை என்னவாகிறது என்பதே முக்கியமான கேள்வி.

லினக்ஸ் கணினிகளில் நெடுங்காலமாகப் பயன்படும் எக்ஸ் சாளர முறைமையில் இரு தெரிவுகள் வழக்கத்தில் உள்ளன. சுட்டியால் உரையைத் தெரிவு செய்ததும் அமைவது பிரைமரி; அதை நடுப்பொத்தானால் ஒட்டலாம். நகலெடு கட்டளையால் அமைவது கிளிப்போர்டு. இரண்டுமே உரையைச் சேமிக்கும் பெட்டிகள் அல்ல. உரை அதற்கு உரிமை கோரிய செயலியிடமே இருக்கும். வேறொரு செயலி கேட்கும்போது வழங்கப்படும்.

குனு ஈமேக்ஸ் நிரலாளருக்கு இரு வழிகளைத் தருகிறது. 'கில்-நியூ' என்னும் செயற்கூறு, வெட்டிய உரைகளின் வரிசையான 'கில் ரிங்'கில் புதிய உரையைச் சேர்த்து, கிளிப்போர்டுக்கும் அனுப்புகிறது. 'ஜியுஐ-செட்-செலக்சன்' அவ்வரிசையைத் தொடாமல், குறிப்பிட்ட தெரிவில் மட்டும் உரையை இடுகிறது. இந்தப் பாகுபாடு தெளிவானது. 2012இல் வெளிவந்த 24ஆம் பதிப்பு முதல், வெட்டிய உரை பிரைமரிக்குப் பதிலாகக் கிளிப்போர்டுக்குச் செல்வதும் வரவேற்கத்தக்க மாற்றமே. இதனால் பிற செயலிகளின் நடைமுறையுடன் ஈமேக்ஸ் ஒத்துப்போனது.

குறை இயல்பிருப்பு அமைப்பில் உள்ளது. பயனர் உலாவியில் ஒரு பத்தியை நகலெடுத்து ஈமேக்ஸுக்கு வருகிறார். அதை ஒட்டுமுன், தேவையற்ற பழைய வரியை வெட்டி நீக்குகிறார். நீக்கிய வரி கிளிப்போர்டில் அமர்கிறது. கொண்டுவந்த பத்தி மறைகிறது. நிரல் ஒன்று 'கில்-நியூ'வை அழைத்தாலும் இதே கதிதான். அப்போது பயனர் எதையும் வெட்டக்கூட இல்லை என்பதால் இழப்பின் காரணமும் அவருக்குப் புலப்படாது.

இதற்கான தீர்வு ஈமேக்ஸிலேயே உண்டு. 'சேவ்-இன்டர்புரோகிராம்-பேஸ்ட்-பிஃபோர்-கில்' என்னும் மாறியை இயக்கினால், வெளியிலிருந்து வந்த உரை முதலில் கில் ரிங்கில் சேமிக்கப்படும். ஆனால் அது இயல்பாக அணைக்கப்பட்டே உள்ளது. மிகப் பெரிய உரையைச் சேமிப்பது சுமை என வாதிடலாம். எனினும் அம்மாறிக்கு ஓர் எண்ணைத் தந்தால், அதைவிட நீண்ட உரை சேமிக்கப்படாது. எனவே அவ்வாதம் வலுவற்றது. மறுபுறம், 'ஜியுஐ-செட்-செலக்சன்' நேரடியாக எழுதுவதால் இந்தப் பாதுகாப்பு அதற்குக் கிடைப்பதில்லை.

ஆகவே, நீட்சிகளை எழுதுவோர் பெரும்பாலான வேளைகளில் 'கில்-நியூ'வைப் பயன்படுத்துவதே நன்று. அதையும் பயனர் வெளிப்படையாகக் கட்டளையிட்டபோது மட்டும் அழைத்து, நகலெடுத்ததைச் செய்திவரியில் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பைப் பயனரிடம் விட்டிருப்பதே, மற்றபடி நன்கு சிந்திக்கப்பட்ட இவ்வடிவமைப்பின் குறையாகும்.