தேய்ந்த தட்டுக்கு ஒரு ஷிபாட்டா முள்

ஆர்டோஃபான் 2எம் பிளாக். ரெக்கார்டு பிளேயரில் முள்ளைத் தாங்கும் ஒரு கார்ட்ரிட்ஜுக்கு இவ்வளவு விலையா என்று தயங்கிக்கொண்டிருக்கும் எவரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: காசு சேர்த்து வாங்கிவிடுங்கள். டென்மார்க்கில் 1918-இல் தொடங்கிய கம்பெனியின் இந்தச் சின்னப் பொருள், ஏழு கிராம் சொச்சம் எடை, தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசையில் என் வீட்டு அலமாரியில் இருந்த இசைத்தட்டுகளுக்கு மறுபிறவி கொடுத்துவிட்டது.

நம் பக்கத்துத் தட்டுகள் பட்டபாடு கொஞ்சமல்ல. என்னிடம் இருப்பவற்றில் பாதிக்கு மேல் ரேடியோ செட் போட்டவர்களிடமிருந்து வந்தவை. கோயில் கொடை, கல்யாண வீடு, சடங்கு வீடு என்று குழாய் கட்டி, கனத்த முள்ளைப் போட்டு ராப்பகலாக ஓட்டியவை. கேசட் வந்ததும் பரணுக்குப் போயின. சாரல் மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடித்தது. இந்தத் தட்டுகளுக்கு எதற்கு உசத்தியான கார்ட்ரிட்ஜ் என்று கேட்பார்கள். நான் அடித்துச் சொல்வேன், தேய்ந்த தட்டுக்குத்தான் நல்ல முள் வேண்டும்.

காரணம் முனையின் வடிவம். ஸ்டீரியோ தட்டின் பள்ளத்துக்கு 45 டிகிரி சாய்ந்த இரண்டு சுவர்கள். உருண்டை முனையுள்ள சாதாரண முள், ஒவ்வொரு சுவரையும் சின்னப் பொட்டாகத்தான் தொடும். இத்தனை வருடம் ஓடிய முட்களெல்லாம் அநேகமாக அந்த ஒரே மட்டத்தில்தான் தேய்த்திருக்கின்றன. பிளாக்கில் இருப்பது ஷிபாட்டா முனை. ஜப்பானின் ஜேவிசி நிறுவனத்தில் நோரியோ ஷிபாட்டா, நான்கு சேனல் தட்டுகளைப் படிப்பதற்காக 1970-களின் தொடக்கத்தில் வடிவமைத்த வைரம் அது. சுவரை மேலிருந்து கீழாக நீண்ட கோடாகத் தொடுகிறது. பழைய முட்கள் எட்டாத இடத்தையும் சேர்த்துப் படிக்கிறது. அந்த இடத்தில் பாட்டு இன்னும் புதுசாகவே இருக்கிறது!

லேபிளை ஒட்டிய கடைசிப் பாட்டைக் கேட்டால்தான் இதன் பெருமை முழுதாகப் புரியும். 33⅓ சுற்றில் ஓடும் எல்பியின் வெளிவிளிம்பில், முள்ளுக்கு அடியில் பள்ளம் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்ளே போகப் போக அது 20 சொச்சமாகக் குறைந்துவிடும். அத்தனை சங்கதியும் நெருங்கிக்கொள்ளும் அந்த இடத்தில்தான் சாதாரண முள் "ஸ்" என்று இரைந்து பாட்டைக் கெடுக்கும். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தட்டை இதில் போட்டேன். வி.எஸ். நரசிம்மனின் வயலின், விளிம்பில் எவ்வளவு தெளிவோ லேபிள் அருகிலும் கிட்டத்தட்ட அவ்வளவு தெளிவு. வில் கம்பியைப் பற்றும் அந்தக் கணம்கூடக் கேட்கிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜ் ஏன் வாங்கவில்லை என்று நண்பர்கள் கேட்டார்கள். 1960-களில் ஜப்பானின் என்ஹெச்கே வானொலிக்காக உருவாகி இன்றும் விற்கும் டெனான் டிஎல்-103 அருமையான கார்ட்ரிட்ஜ், மறுக்கவே மாட்டேன். ஆனால் அது தருவது 0.3 மில்லிவோல்ட். பிளாக் தருவது 5. அவ்வளவு சின்ன சிக்னலைப் பெருக்கும்போது, எர்த் சரியில்லாத வீட்டில் உறுமலும் சேர்ந்து பெருகும். முள் தேய்ந்தால் கார்ட்ரிட்ஜையே கழற்றி அனுப்ப வேண்டும். பிளாக்கில் முள்ளை நாமே உருவி மாற்றிக்கொள்ளலாம். தென்காசிப் பக்கம் இருப்பவனுக்கு இது பெரிய விஷயம். கை இறுக்கமென்றால் 2எம் பிரான்ஸ் (Bronze) வாங்கி, பிறகு பிளாக் முள்ளை மட்டும் மாட்டினாலும் போதும், இரண்டுக்கும் பொருந்தும்.

மோனோ தட்டுகளில் இன்னொரு சுகம். 'கொஞ்சும் சலங்கை' (1962) ஈ.பி.யில், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு எஸ். ஜானகி பாடிய 'சிங்கார வேலனே'. ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்தினால், முள் மேலும் கீழுமாக எகிறுவதால் இரண்டு சேனலிலும் வரும் கரகரப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடுகின்றன. மிஞ்சுவது சீவாளியில் பிறக்கும் அந்தக் காற்றும் ஜானகியின் குரலும் மட்டும். நம் பக்கத்து நாகசுரம், ஐயா! இதற்காகவே எத்தனை ஆயிரமும் கொடுக்கலாம்.

பக்கத்து ஊர் நாடகப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பாவின் 78 சுற்றுத் தட்டு கிடைத்தால் இந்த முள்ளைத் தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். அந்தப் பள்ளம் எல்பியைவிட வெகு அகலம், அதற்கு 65 மைக்ரான் முனை தனியாக வேண்டும். இதே வரிசையில் 2எம் 78 என்று ஒன்று இருக்கிறது.

ஷிபாட்டாவைப் பொருத்துவதில் மட்டும் பொறுமை தேவை. தட்டில் முள் அழுத்தும் எடை 1.5 கிராம், டிஜிட்டல் தராசில் பார்த்தே வையுங்கள். புரொட்ராக்டரில் கோணம் பார்க்காமல் விட்டால் இந்த முனையின் அருமை பாதி போய்விடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் முள்ளைப் பின்னிருந்து முன்னாகத் துலக்குங்கள், பூஞ்சைத் தட்டைக் கழுவாமல் போடவே போடாதீர்கள்.

வீட்டில் பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: இரைகிறது என்று சொல்லி அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். முதலில் முள்ளை மாற்றிக் கேளுங்கள்.