எந்த ஹார்டு டிஸ்க் வேகமானது?

ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது ‘7200 ஆர்.பி.எம்.’ என்ற எண்ணைத்தான். டிஸ்க்கின் உள்ளே உள்ள தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றினால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. வேண்டிய தகவல், அதைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்துசேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு, ஒன்பது மில்லிநொடி. ஆக, நொடிக்குச் சுமார் 80 இடங்களைத்தான் தொட முடியும். பெரிய சினிமாக் கோப்பை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நகலெடுக்கும் அதே டிஸ்க், 4 கிலோபைட் துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதைத் திரட்டும்போது அரை மெகாபைட்டைக்கூட எட்டாது. விண்டோஸ் திறக்க நேரமாவது இதனால்தான்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கவே 2008இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வெலாசிராப்டர் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. 10,000 சுற்று, தலை நகர 4.2 மில்லிநொடி. உள்ளே இருந்தது இரண்டரை அங்குல டிஸ்க். சுற்றியிருந்த உலோகச் சட்டம் சூட்டை வெளியேற்ற. தட்டு சிறியது என்பதால் தலை நகரும் தூரமும் குறைவு. அருமையான பொறியியல். விலைதான் இடித்தது: 300 ஜி.பி.க்கு 300 டாலர். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த, தட்டே இல்லாத இன்டெல் எக்ஸ்25-எம் எஸ்.எஸ்.டி. 80 ஜி.பி.க்கே 595 டாலர் கேட்டது. தகவலை எடுக்க அதற்கு 0.1 மில்லிநொடிகூடத் தேவைப்படவில்லை. சுழலும் தட்டின் தோல்வி அப்போதே எழுதப்பட்டுவிட்டது, எஸ்.எஸ்.டி. விலை இறங்கத்தான் சில ஆண்டுகள் பிடித்தன.

சத்தமும் அதே சுழற்சியிலிருந்துதான் பிறக்கிறது. 7200 சுற்று என்றால் 120 ஹெர்ட்ஸ் முனகல், 5400 என்றால் 90. 2020இல் ‘5400 ஆர்.பி.எம். கிளாஸ்’ என்று விற்ற சில வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்க்குகளின் ஒலியைப் பதிவுசெய்து பார்த்தவர்களுக்குக் கிடைத்தது 120 ஹெர்ட்ஸ். ‘கிளாஸ்’ என்பது செயல்திறன் வகையைக் குறிக்கிறது, சுழற்சியை அல்ல என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அமைதியான டிஸ்க் என்று நம்பிக் காசு கொடுத்தவருக்கு அந்த விளக்கம் போதவே போதாது.

முனகல் பெரிதாகக் கேட்டால் கேபினட்டின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கலாம். சத்தம் அடங்கினால் அதிர்வது தகடு. திருகுகளுக்கு ரப்பர் வாஷர் போட்டாலே பாதி தீரும். தலை நகரும்போது வரும் ‘கடகட’வுக்கு அப்படி எளிய வைத்தியம் கிடையாது.

இன்றைக்கு விண்டோஸும் மென்பொருள்களும் எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்க வேண்டும். சாதாரண சாட்டா வகையே போதும், என்.வி.எம்.ஈ.யின் கூடுதல் வேகத்தைப் பெரிய வீடியோக்களைக் கையாள்பவர்கள்தான் உணர்வார்கள். படங்கள், பழைய வீடியோக்கள், பேக்கப் ஆகியவற்றுக்கு 5400 சுற்று டிஸ்க் தாராளம். ஜி.பி. கணக்கில் அதுவே மலிவு.

ஹார்டு டிஸ்க் வாங்கும்போது, தடங்கள் தனித்தனியே இருக்கும் சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா என்று கேட்டே ஆக வேண்டும். எஸ்.எம்.ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒன்றைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். நீண்ட நேரம் எழுதினால் வேகம் படுத்துவிடும். நாஸ் எனப்படும் வலைப்பின்னல் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகள் சிலவற்றில் இது இருப்பதே 2020 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. அதன்பின் நிறுவனங்கள் மாடல் வாரியாகப் பட்டியல் வெளியிட்டிருக்கின்றன. கடையில் நிற்கும்போதே போனில் பார்த்துவிடலாம்.