செய்யுளும் அச்சுப்பக்கமும்: எழுத்தமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

நூலொன்றின் பொருளை ஆராய்வோர் அதன் எழுத்தளவையும் வரியிடைவெளியையும் பக்கவோரங்களையும் பொருட்படுத்துவது அரிது. அவை அச்சகத்தாருக்குரிய கவலைகள் என ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. எனினும், ஒரு சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே நிறுத்தி வாசிக்க வேண்டும், எது மூலம், எது உரை என்பவற்றை வாசகனுக்கு முதலில் உணர்த்துவது பக்கத்தின் அமைப்பேயாகும். தமிழ்ச் செய்யுளைப் பொறுத்தவரை இவ்வமைப்பைப் புறத்தோற்றம் என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பதிப்பாசிரியர் தம்மையறியாமலே எழுதிய உரையாகவும் அது அமைந்துவிடுகிறது.

ஓலைச்சுவடியில் இச்சிக்கல் தோன்றவில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் அங்கு இல்லை. அடிகளும் பெரும்பாலும் தொடர்ந்தே எழுதப்பட்டன. ஓலையைக் கிழித்துவிடும் என்றஞ்சிப் புள்ளிகள் தவிர்க்கப்பட்டமையால் மெய்யும் உயிர்மெய்யும், எகரமும் ஏகாரமும் ஒரே வடிவில் நின்றன. அவ்வேட்டை வாசிப்பதற்குக் கண்ணைவிடச் செவியே உதவிற்று. யாப்பறிந்து பாடம் கேட்டவன் ஓசையைக் கொண்டு சொல்லைப் பிரித்தான். பக்கம் கூறாதவற்றை ஆசிரியர் கூறினார்.

அச்சு இந்நிலையை மாற்றிற்று. ஐரோப்பாவில் வார்க்கப்பட்டு 1713 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய தமிழெழுத்துக்கள் அளவிற் பெரியன. அவற்றால் அச்சிடக் கடதாசி மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே, சிறிய எழுத்துக்கள் அங்கேயே வார்க்கப்பட்டன. எழுத்தளவு ஒரு நூலின் பரம்பலையே தீர்மானிக்கும் என்பதற்கு இது பழைய சான்று. பின்னர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய ஆறுமுக நாவலர், தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறைப்படப் பயன்படுத்தியோருள் முதன்மையானவர். ஆசிரியரின் குரல் செய்த பணியின் ஒரு பகுதியை அங்கே குறிகள் ஏற்றுக்கொண்டன.

உரைநடைக்குக் கிடைத்த இத்தெளிவு செய்யுளுக்கு எளிதிற் கிட்டவில்லை. காரணம், செய்யுள் இரு அலகுகளால் ஆனது. ஓசைக்குரியது சீர், பொருளுக்குரியது சொல். இரண்டும் எப்போதும் ஒன்றியிருப்பதில்லை. சொல் பிளவுபட்டுச் சீராவதை வகையுளி எனப் பெயரிட்டு இலக்கண நூலார் விளக்கினர். பக்கத்தில் இடைவெளியோ ஒருவகையானது. அதைச் சீருக்கு வழங்கினாற் சொல் சிதைகிறது. சொல்லுக்கு வழங்கினாற் சீர் சிதைகிறது.

19 ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளிற் பல சந்தி கெடாத மூலத்தையே தந்தன. அவற்றை வாசிக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சியற்றோர் வெளியே நின்றனர். இதற்கு மறுதலையாக, 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் சந்தி பிரித்த பாடங்களைக் குறைந்த விலையில் வழங்கின. புலமையாளர் சிலருக்குள் அடங்கியிருந்த நூல்களைப் பொதுவாசகனிடம் கொண்டுசென்ற அம்முயற்சியின் பயன் பெரிது. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

ஆயினும், அம்முறைக்கு ஒரு விலையுண்டு. ‘நாடெங்கும்’ என்பது மூன்று நேரசை கொண்ட ஒரு சீர், தேமாங்காய். ‘நாடு எங்கும்’ எனப் பிரித்தால் மறைந்திருந்த உகரம் மீள்கிறது, அசை நான்காகிறது. கண்ணுக்குப் பொருள் தெளிவாயிற்று, செவியோ தடுமாறுகிறது. பக்கத்தை மட்டும் நம்பி அலகிடும் மாணவன், புலவன் செய்யாத பிழையைப் புலவன்மேல் ஏற்றிவிடுகிறான். அன்றியும், சிலேடையில் ‘பலகை’ என நிற்பதை ‘பல கை’ எனப் பிரித்தவர் இரு பொருளுள் ஒன்றை வாசகனுக்கு மறைத்துவிடுகிறார். அடிக்குறிப்பில் உரைக்க வேண்டியதை அவர் இடைவெளியால் உரைத்துவிட்டார். உரையோடு வாசகன் வாதிடலாம்; இடைவெளியோடு வாதிட அவனுக்குத் தோன்றுவதில்லை.

இவ்விரு முறைகளுள் ஒன்றைத் தெரிந்து மற்றதைக் கைவிட வேண்டியதில்லை. சீர் பிரித்த மூலத்தை இடப்பக்கத்திலும், சந்தி பிரித்த பாடத்தை அதற்கு நேரே வலப்பக்கத்திலும் அமைக்கலாம். மூலத்துக்குப் பெரிய எழுத்தும் உரைக்குச் சிறிய எழுத்தும் வழங்கினால் எது புலவன் கூற்று, எது பதிப்பாசிரியர் கூற்று என்பது பார்த்த அளவிலேயே விளங்கும். கடதாசிச் செலவு கூடும் என்பது உண்மை. எனினும், பாடநூலிலேனும் அச்செலவு வீணன்று.

இன்று ஈய எழுத்தின் இடத்தைக் கணினி பெற்றுவிட்டது. அச்சுக்கோப்பாளரின் அனுபவ அறிவு அதனோடு சேர்ந்து வரவில்லை. றோமன் எழுத்துக்கென வகுத்த அளவுகள் தமிழ்மேற் சுமத்தப்படுகின்றன. தமிழில் ‘கீ’ மேலே வளைகிறது, ‘கூ’ கீழே இறங்குகிறது. வரியிடைவெளி குறைந்தால் இவ்விரண்டும் மோதும். ‘ண’கரத்தைத் தடித்த எழுத்தாக்கினால் அதன் சுழிகள் அடைபடும். சாய்வெழுத்து தமிழெழுத்து மரபில் வளர்ந்ததன்று. வலியுறுத்தலுக்கு மேற்கோட்குறியோ எழுத்தளவோ போதும். நீண்ட சொற்களையுடைய தமிழில் இரு ஓரங்களையும் வலிந்து ஒப்பச் செய்தால் வரிநடுவே வெற்றிடங்கள் தோன்றும். உரைநடையில் வலவோரத்தை ஒழுங்கின்றி விடுவதே நன்று.

செய்யுளுக்கு நேரும் கேடு இன்னும் நுண்ணியது. கைத்தொலைபேசியின் ஒடுங்கிய திரையில் நீண்ட அடி மடிந்து இரண்டாகிறது. மடிந்த பகுதியும் இடவோரத்திலேயே தொடங்குவதால் அதுவும் ஓர் அடிபோலத் தோன்றுகிறது. அடிதோறும் இரண்டாமெழுத்தாய் நின்று ஒன்ற வேண்டிய எதுகை அங்கே கலைந்துபோகிறது. கலிவிருத்தத்தின் நான்கடி எட்டடியாகிறது. மடிந்த வரியைச் சற்று உள்தள்ளி அமைத்தால் இக்குறை நீங்கும். இது கருவியின் குறையன்று, அமைப்போரின் கவனக்குறைவு.

பதிப்பாராய்ச்சி இதுவரை பாடபேதங்களையே பெரிதும் நோக்கி வந்துள்ளது. இடைவெளியும் எழுத்தளவும் அடிமடிப்பும் பாடத்தை மாற்றவல்லன என்பதால் அவற்றையும் அவ்வாராய்ச்சி தன் எல்லைக்குள் கொள்ளல் வேண்டும். சந்தி பிரித்தவர் யார், எந்த விதிப்படி பிரித்தார் என்பதை ஒவ்வொரு பதிப்பும் முன்னுரையிற் கூறுவது இதற்கு நல்ல தொடக்கமாக அமையும். பழந்தமிழ்ச் செய்யுளைப் பெரும்பாலும் பக்கத்தின் வழியே மட்டும் அறியும் இன்றைய மாணவர் அத்தகைய அறிவிப்பை எதிர்பார்ப்பதில் தவறில்லை.